எழாத கோபுரம்: முப்பரிமாண வரைபட விசைகளும் சென்னையும், 2005–2022

கூகுள் எர்த் 2005 ஜூனில் வெளிவந்தது. கீஹோல் என்ற அமெரிக்க நிறுவனத்தை அதன் எர்த்வியூவர் மென்பொருளோடு கூகுள் முந்தைய ஆண்டு வாங்கியதன் விளைவு அது. அதன் கணினிப் பதிப்பில் அம்புக்குறி விசைகள் வரைபடத்தை நகர்த்தும். ஷிஃப்டுடன் இட, வல அம்புகளை அழுத்தினால் வரைபடம் சுழலும். ஷிஃப்டுடன் மேல், கீழ் அம்புகளை அழுத்தினால் பார்வை சாயும். ‘என்’ விசை வடக்கை மேலே கொண்டுவரும். ‘யு’ சாய்வை நீக்கும். ‘ஆர்’ இரண்டையும் ஒருசேரச் செய்யும். இந்த விசைகள் அதிகம் மாறவில்லை. ஆனால் சென்னையில் அவற்றால் காணக் கிடைத்தது மாறிக்கொண்டே வந்தது. விசைகளின் வரலாற்றைத் தரவுகளின் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

சுழற்சியும் சாய்வும் இந்நகருக்குப் புதியவை அல்ல. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பிறகு அவர் கையாண்ட அரை டன் எடையுள்ள தியோடலைட்டில் இரண்டு வட்டங்கள் இருந்தன: கிடைக்கோணத்துக்கு ஒன்று, குத்துக்கோணத்துக்கு ஒன்று. கூகுள் எர்த்தின் விசைகள் அதிலிருந்து பிறந்தன என்று நான் சொல்லவில்லை. நிலத்தைப் பார்க்க வேண்டுமானால் இந்த இரண்டு கோணங்களும் தேவை, அவ்வளவுதான்.

மயிலாப்பூரில் சாய்வு விசை ஏமாற்றியது. கபாலீசுவரர் கோயிலின் ராஜகோபுரம் சுமார் 120 அடி உயரம். ஆனால் பார்வையைச் சாய்த்தால் கோபுரம் எழாது. தரையில் விரித்த கம்பளத்தின் வேலைப்பாடு போலப் படுத்தே கிடக்கும். காரணம் எளிது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் திரட்டிய உயரத் தரவு, இந்தியப் பகுதிக்கு முதலில் 90 மீட்டர் இடைவெளியில்தான் கிடைத்தது. கோபுரத்தின் அடித்தளம் அந்தக் கட்டத்துக்குள் கரைந்துவிடும். சமதளமான இந்நகரில் சாய்வுக்குப் பலன் தரக்கூடியதாகப் பரங்கிமலை போன்ற சில மேடுகளே இருந்தன.

சுழற்று விசையோ வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. மயிலாப்பூர்க்காரர் வழி சொல்வதே திசையை வைத்துத்தான்: வடக்கு மாட வீதி, தெற்கு மாட வீதி, கிழக்கு மாட வீதி; மேற்கே தெப்பக்குளம். வரைபடத்தை அரைச்சுற்று சுழற்றினால் வடக்கு மாட வீதி திரையின் கீழ்ப்பக்கம் வந்து நிற்கும். பெயர் ஒன்று சொல்ல, கண் வேறொன்று காணும். அதனால்தான் ‘என்’ விசையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பனகல் பூங்காவைச் சுற்றிச் சாலைகள் விரியும் தியாகராய நகரில் அது இன்னும் அவசியம்.

இணைய உலாவிக்குள் முப்பரிமாணம் வந்தபோது விசைகளுக்குத் திட்டமான அளவு கிடைத்தது. மேப்பாக்ஸ் என்ற வரைபட நிரலகத்தில் ஒருமுறை அழுத்தினால் சுழற்சி 15 பாகை, சாய்வு 10 பாகை. கோயிலை நடுவில் வைத்து 24 முறை அழுத்தினால் ஒரு முழுச் சுற்று வந்துவிடலாம். சுட்டியைப் பிடிக்க இயலாதவர்களுக்கு இது சலுகை அல்ல, உரிமை. எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயல வேண்டும் என்று 2008 டிசம்பரில் வெளியான இணைய அணுக்க நெறிமுறையே வலியுறுத்துகிறது.

தரவு தாமதமானதற்குக் கொள்கையும் ஒரு காரணம். முக்கிய இடங்களின் துல்லியப் படங்கள் வெளிப்படையாகக் கிடைப்பது குறித்து 2005-இலேயே குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கவலை தெரிவித்தார். இஸ்ரோ 2009 ஆகஸ்டில் ‘புவன்’ வரைபடத் தளத்தைத் தொடங்கியது. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான இந்திய அரசின் நெறிமுறைகள் வரைபடத் தரவுக்கான முன்அனுமதித் தேவையை நீக்கின. தெருப்பார்வை அளவையை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் விட்டன. 2022 ஜூலையில் ஜெனிசிஸ், டெக் மகிந்திரா நிறுவனங்களின் துணையோடு கூகுளின் தெருப்பார்வை தொடங்கிய பத்து நகரங்களில் சென்னையும் ஒன்று.

தெருப்பார்வைக்குள் அதே விசைகளின் பொருள் மாறியது. வரைபடத்தில் இடது அம்பு ஊரை நகர்த்தியது. தெருப்பார்வையில் அது நம்மைத் திருப்புகிறது, மேல் அம்பு முன்னே நடத்துகிறது. வானிலிருந்து குனிந்து பார்த்த விசைகள், தியோடலைட்டைத் தரையில் நிறுத்தித் திருப்பிய நில அளவையாளரின் நிலைக்கு வந்து சேர்ந்தன.