காழ் கண்ட கண்ணும் பூக்குடும்பமும்

தாவரங்களை இனம் பிரித்து அறியும் கலை மேலைநாட்டார் கொணர்ந்த புதுக்கலை என்னும் எண்ணம் கற்றோரிடையே பரவலாக உண்டு. தொல்காப்பிய மரபியலை நோக்கின் அவ்வெண்ணம் முழுமையன்று என்பது புலனாகும். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். மடல், ஓலை, ஏடு, பாளை, ஈர்க்கு முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லுக்கும், இலை, தளிர், முறி, அரும்பு முதலியவற்றை மரத்துக்கும் உரியனவாக்கினார்.

வானளாவ நிற்கும் பனையும் தென்னையும் புல்லினம் என்பது கேட்பார்க்கு வியப்பளிக்கும். ஆயினும் இன்றைய தாவரவியல் அவற்றை நெல், கரும்பு, மூங்கில் ஆகியவற்றோடு ஒருவித்திலைத் தாவரம் என்னும் பெரும்பிரிவிலேயே வைக்கின்றது. பனையின் தண்டில் நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க்கற்றைகள் விளிம்பை நோக்கி நெருங்கி நிற்பதால் புறம் வன்மை பெறுகின்றது. வேங்கை போன்ற இருவித்திலை மரங்களிலோ ஆண்டுதோறும் தண்டு பருக்க, பழைய உட்பகுதி இறுகி வயிரம் ஆகின்றது. பனையைப் பிளந்து கைமரம் செய்வோர் உட்சோற்றியை நீக்கிப் புறத்தைக் கொள்வர். வேங்கையை அறுக்கும் தச்சர் வெளிவெள்ளையை நீக்கி அகத்தைக் கொள்வர். ஆதலின், இலக்கணம் கூறும் பாகுபாடு உழைப்போர் கையறிவில் முளைத்தது எனக் கருத இடமுண்டு. பயன்பாடே பகுப்புக்குத் தாய் எனலாம்.

ஐரோப்பாவில் ஜான் ரே 1682-இல் வித்திலைகளின் எண்ணிக்கை கொண்டு செடிகளைப் பகுத்தார். இலின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் அளவுகோலாகக் கொண்டார். அது கற்க எளிது. எனினும் உறவுடைய செடிகள் சிலவற்றைப் பிரித்து, உறவில்லாதவற்றைச் சேர்த்தது. 1789-இல் பிரெஞ்சு அறிஞர் ஜுஸ்யூ பல உறுப்புகளின் ஒற்றுமையை ஒருங்கே நோக்கி இயற்கைக் குடும்பங்களை வகுத்தார். அம்முறையில் நோக்கின், பொன்னிறப் பூச்சொரியும் வேங்கையும் பந்தலில் படரும் அவரையும் ஒரே குடும்பத்தன. மேலே விரிந்த கொடியிதழ் ஒன்று, பக்கத்தே சிறகிதழ் இரண்டு, அடியில் படகிதழ் இரண்டு என்னும் பூவமைப்பு அவ்வுறவைக் காட்டுகின்றது. ஒன்று மரமும் மருந்துப் பிசினும் தர, மற்றொன்று உணவு தருகின்றது.

இலின்னேயஸின் முறை தமிழகத்துக்கு வந்த வாயில் தரங்கம்பாடி ஆகும். அவருடைய மாணவர் கோனிக் 1768-இல் அங்கு மருத்துவராக வந்தார். 1776-இல் வந்த ராட்லர், செடிகளைத் திரட்டி உலர்த்திப் பாதுகாத்ததோடு தமிழ்ச் சொற்களையும் திரட்டினார். 1836-இல் அவர் மறைந்தார். அவர் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. செடியும் சொல்லும் ஒருவர் கையிலேயே சேர்ந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. பட்டுக்குச் சாயம் தரும் கபிலப்பொடி மரத்துக்கு ராக்ஸ்பர்க் இவர் பெயரால் ராட்லேரா எனப் பெயரிட்டார். அப்பெயர் இன்று வழக்கிழந்தது. ஆயினும் அதன் முக்கூற்றுக் காய், அம்மரம் ஆமணக்கின் உறவென்று இன்றும் சான்று பகர்கின்றது.

1819-இல் சென்னை வந்த இராபர்ட் வைட், ஆர்னட்டோடு இணைந்து 1834-இல் தென்னிந்தியத் தாவரங்களை இயற்கைக் குடும்ப முறையில் தொகுத்தார். 1838 முதல் 1853 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தோருள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் சிறப்புடையோர். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார்.

இவ்விரு நெறிகளையும் இலக்கிய ஆய்வில் இணைத்தவர்கள் பி. எல். சாமியும் கு. சீநிவாசனும் ஆவர். சங்கப் பாக்களில் வரும் செடிகொடிகளுக்குத் தாவரவியல் பெயரும் குடும்பமும் காட்டும் நூல்களை இவர்கள் ஆக்கினர். இப்பணியின் தேவையைக் காந்தள் ஒன்றே உணர்த்தும். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலாவதாக நிற்பது அது. தாவரவியலார் நெடுங்காலம் அதனை அல்லிக் குடும்பம் எனப்பட்ட லிலியேசியேயில் வைத்திருந்தனர்; பின்னாளைய ஆய்வு அதனைக் கால்ச்சிகேசியே குடும்பத்தில் சேர்த்தது. கீல்வாத மருந்தாகிய கால்ச்சிசினை 1820-இல் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து பிரித்தனர். அச்செடியும் காந்தளும் இன்று ஒரே குடும்பம். காந்தளிலும் அதே பொருள் உண்டு; அதன் விதைக்காகவே தமிழகத்து உழவர் அதனைப் பயிரிடுகின்றனர். அதன் கிழங்கை உண்ணும் கிழங்கென மயங்கி உண்டு உயிரிழந்தோரும் உளர். மருந்தும் நஞ்சும் ஒரு வேரில் உறைகின்றன.

அரும்பத உரைகள் ‘ஒருவகைப் பூ’ என்று முடிக்குமிடத்தில் வடிவம், மணம், நிறம், பயன், அச்சம் அனைத்தும் மறைந்துவிடுகின்றன. செடி அழியாதிருக்கும்போதே பெயர் அதனை விட்டு நீங்குமாயின், பின்வருவோர் பழம்பாட்டைப் படிப்பரேயன்றிக் காணார். காழ் கண்டு வகுத்த முன்னோரின் மொழியில் பாடும் பாவலர்க்கு, தாம் பாடும் பூவை அது நிற்கும் இடத்தில் சென்று காண்பது புலமையின் ஒரு கூறாகும்.