மினியேச்சரில் ‘மினி’ இல்லை
துறைமுகத்தை ஒட்டிய எங்கள் வள்ளூர்ப் பக்கம் ‘மினி’ என்றால் மினி பஸ், மினி மீல்ஸ். அந்தப் பழக்கத்தில் ‘மினியேச்சர்’ என்பதையும் ‘சின்னப் படம்’ என்றே பலர் பிரித்துச் சொல்கிறார்கள். வேர் அளவில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. லத்தீனில் ‘மினியம்’ என்றால் ஈயச் செந்தூரம். சுவடிகளில் தலைப்பெழுத்தைச் சிவப்பால் தீட்டுவது ‘மினியாரே’. சுவடிப் படங்கள் சிறியவை என்பதால் பொருள் மெல்ல அளவுக்குத் தாவிவிட்டது. கப்பல் இரும்பு துருப்பிடிக்காமலிருக்க நெடுங்காலம் அடித்துவந்த ‘ரெட் லெட்’டும் இதே மினியம்தான், துறைமுகக்காரர்களான நமக்கு இச்சொல் அவ்வளவு அந்நியமில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அளவால் மினியேச்சர் எனப்படும் படங்கள் நகையிலும் உண்டு: விக்டோரியா அரசியின் எனாமல் ஓவியர் வில்லியம் எசெக்ஸ் (1784–1869) டை பின்னின் தலையளவு இடத்தில் நாயின் முகத்தைத் தீட்டியவர். ‘எனாமல்’ உருக்குதலைக் குறிக்கும் ஜெர்மானிய வேரில் பிறந்தது: கண்ணாடிப் பொடியை உலோகத்தின்மேல் சூளையில் உருக்கிப் படியவைப்பது. ஜெய்ப்பூர் மீனாகாரி வளையலின் யானைத் தலையும் அப்படி வண்ணம் பெற்றதே. டப்பாவில் விற்கும் எனாமல் பெயிண்ட் பெயரை மட்டும் கடன் வாங்கியது. மினியேச்சருக்குத் தமிழில் ‘சிற்றோவியம்’ என்றால் அது அளவோடு நின்றுவிடுகிறது. ‘நுண்ணோவியம்’ கைவேலையையும் சேர்த்துச் சொல்கிறது. எசெக்ஸின் பின்னில் உள்ளது போன்ற எனாமல் படத்தைச் ‘சுடுவண்ண நுண்ணோவியம்’ என்றே எழுதுவோம்.