கூத்து வேஷமும் உருவாஞ்சுருக்கும்

காஞ்சிபுரம், திருவண்ணாமலை பக்கத்துத் தெருக்கூத்துக்கு கட்டைக்கூத்துன்னு இன்னொரு பேரு உண்டு. 1990-ல் காஞ்சிபுரத்தில் கலைஞர்கள் சங்கம் ஆரம்பிச்சப்பவும் அந்தப் பேரைத்தான் வச்சாங்க. கட்டைன்னா கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். எடை குறைஞ்ச மரத்துல செதுக்கி, கண்ணாடித் துண்டு பதிச்சது.

எங்க பக்கத்து ஜமாவுல இதையெல்லாம் உடம்போட பிடிச்சு வைக்கிறது வெறும் கயிறும் நாடாவும்தான். முதல்ல தலையைத் துணியால இறுக்கிக் கட்டணும். அது தளர்ந்துச்சுன்னா, விடிய விடிய ஆடுறப்ப கிரீடம் கண்ணு மேல இறங்கிடும். சலங்கைக்கு இறுக்கு முடிச்சு, ஏன்னா குதிக்கிற குதியில அவிழக்கூடாது. கட்டைக்கு மட்டும் உருவாஞ்சுருக்கு. ஆட்டம் பூரா தாங்கும், நுனியைப் பிடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல வந்துடும்.

பாரதக் கூத்துல பாத்திரம் நிறைய, ஆள் கொஞ்சம். முன்ராத்திரி ஒரு ராஜா, விடியற்காலம் வேற ராஜா. முகத்து அரிதாரம் மாத்தவே நேரம் பத்தாது. முடிச்சோட மல்லுக்கட்ட முடியுமா? ஆடுறவங்கள்ல பாதிப்பேர் பகல்ல வயல்ல வேலை செஞ்சவங்க. மாட்டை முளையில கட்டின கைதான் கிரீடத்தையும் கட்டுச்சு, தனியா யாரும் சொல்லித்தரலை.

இப்ப டிராக்டர் வந்து வீட்டுல மாடு இல்ல. புதுசா வர்ற பசங்க குருட்டு முடிச்சா போட்டுடறாங்க. அவசரத்துல பிளேடால அறுக்க வேண்டியிருக்கு. ஒவ்வொரு அறுப்புக்கும் நாடா ரெண்டு விரற்கடை குட்டையாகுது.