மூக்கிற்கு விட்ட காற்று

நான் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வந்த காலத்தில், பிற்பகல் முதற் பாடவேளையில் தவறாது உறங்கும் மாணவன் ஒருவன் இருந்தான். பருத்த உடலினன். கேள்வி கேட்டு எழுப்பினால் விடையைப் பெரும்பாலும் சரியாகவே கூறிவிட்டு, நின்றபடியே மீண்டும் கண்ணை மூடுவான். சோம்பேறி என்று அவனைப் பன்முறை கடிந்திருக்கிறேன். பெஞ்சின்மீது ஏற்றி நிறுத்தியும் இருக்கிறேன். சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 1837-ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்னும் தடித்த சிறுவன் ஒருவன் வருகிறான். உணவு பரிமாறிக்கொண்டே குறட்டை விடுபவன். அந்த ஜோவின் கதையையும் அதே வகுப்பில், அதே மாணவனுக்கு எதிரில், எல்லோரும் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று என் கட்டிலருகே சிறு பெட்டியொன்று இரவு முழுதும் காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்தச் சிரிப்பு இப்பொழுது எனக்கு இனிப்பதில்லை.

உறக்கத்தில் மூச்சடைப்பு என்னும் இந்நோய்க்கு மருத்துவ உலகம் முதலில் தேடிய பெயரே டிக்கன்ஸிடமிருந்து வந்தது என்பது நேயர்களில் பலருக்கு வியப்பளிக்கலாம். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் பர்வெல்லும் அவர்தம் துணைவர்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். அவர் சீட்டாட்டக்காரர். மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் வந்து சேர்ந்திருந்த வேளையில் உறங்கிப் போய் ஆட்டத்தை இழந்தவர்! சீட்டாடுவோர்க்கு அந்த இழப்பின் அருமை புரியும். பர்வெல் குழுவினர் அந்நோய்க்குப் 'பிக்விக்கியன்' என்று பெயர் சூட்டினர். உடற்பருமனால் மூச்சு குறைந்து, கரியமில வாயு இரத்தத்தில் தேங்குவதே உறக்கத்துக்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. அது பாதி உண்மை. 1965-இல் பிரான்சின் மார்சேய் நகரில் கஸ்தோ என்பாரின் குழுவும், ஜெர்மனியில் யுங், கூலோ என்னும் இருவரும் இத்தகைய நோயாளிகளை இரவு முழுதும் கருவி பூட்டிக் கவனித்தபோதுதான் மறுபாதி விளங்கிற்று. உறங்கும்போது தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, மூளை திடுக்கிட்டு விழித்துத் தொண்டையைத் திறக்கிறது, மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. ஓரிரவில் இது நூறு முறைக்கு மேலும் நிகழ்வதுண்டு. பகலில் உறங்குபவன் இரவில் உறங்காதவன் என்பது அப்பொழுது தெரிந்தது. என் மாணவனுக்கும் இதுவே நேர்ந்ததா என்று கேட்டறிய எனக்கு வழியில்லை.

காரணம் தெரிந்தபின் கிடைத்த மருந்தோ கொடிது. அடைபடும் இடத்துக்குக் கீழே, கழுத்தில் துளையிட்டு அதன் வழியே மூச்சு விடச் செய்தனர். அது பலித்தது. ஆயினும் கழுத்தில் துளையுடன் வாழ்நாளைக் கழிக்க யார்தாம் எளிதில் இசைவர்?

இசையாத ஒருவரால்தான் வரலாறு திரும்பிற்று. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், கனடாவின் டொராண்டோ நகரில் உறங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்து திரும்பியவர். மூக்கின் வழியே சற்று அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினால், அக்காற்றே தொண்டையைத் தாங்கிப் பிடிக்கும் என்று அவர் எண்ணினார். 1980-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கழுத்தில் துளையிட விரும்பாத நோயாளி ஒருவர் முன்வந்தார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் கொண்டு காற்றை ஊதச் செய்தனர். அழுத்தம் ஏறியதும் மூச்சடைப்பு நின்றது, குறைத்ததும் திரும்பிற்று, மீண்டும் ஏற்றியதும் நின்றது. ஐந்து நோயாளிகளின் செய்தி 1981-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. தேவைப்பட்ட அழுத்தம் நாலரை முதல் பத்து சென்டிமீட்டர் நீரளவே. ஒரு குவளைத் தண்ணீருக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் குழலை வைத்துக் குழந்தை குமிழி விடுமே, அவ்வளவுதான்.

ஆனால் அக்குழந்தையின் உதட்டுக்கும் குழலுக்கும் இடையே சிறு சந்து இருந்தால் குமிழி எழாது. சல்லிவனுக்கு நேர்ந்த இடரும் இதுவே. மோட்டார் கிடைத்துவிட்டது, முகத்தோடு அதை இசைப்பது எவ்வாறு? முதல் ஆண்டுகளில் ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் அச்செடுத்துத் தனித்தனி முகமூடி செய்தனர்; இரவுதோறும் அதைச் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்டி, காலையில் பிய்த்தெடுத்தனர். பெருந்தொல்லைதான். எனினும் ஒட்டிய முகமூடியில் கசிவில்லை. பசையை விடுத்து, வாரால் கட்டும் முகமூடி வந்தபின்னர்தான் மூக்கிற்கு விட்ட காற்று கண்ணுக்குப் போகலாயிற்று. 1984-ஆம் ஆண்டிலேயே, 'செஸ்ட்' என்னும் அமெரிக்க மார்பு நோய் மருத்துவ இதழில், இக்கருவியால் வந்த விழிவெண்படல அழற்சியைப் பற்றிய குறிப்பொன்று வந்துவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். கருவி வாங்கிய முதல் வாரத்தில் பகல் உறக்கம் அகன்றது. இரண்டாம் வாரத்தில் கண்கள் சிவந்தன. மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல். செய்தித்தாளில் தலைப்பைத் தவிர வேறொன்றையும் படிக்க இயலவில்லை. கருவியைக் கொண்டுவந்து கொடுத்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தேன். "கசிவு இருக்கிறது, ஐயா, வாரை நன்றாக இறுக்குங்கள்" என்றார். இறுக்கினேன். கசிந்தது, மேலும் இறுக்கினேன். மறுநாட் காலையில் கண்களின் கீழ் இரு பைகள் தொங்கின, மூக்குத்தண்டில் புண். படிப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவனுக்குக் கண் போய்விடுமோ என்ற அச்சம் மூச்சு நின்றுவிடுமோ என்ற அச்சத்தைக் காட்டிலும் பெரிதாயிற்று. கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பதினோரு இரவுகள் அது அங்கேயே இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் என் மனைவி, "உங்களுக்கு மூச்சு நிற்கிறபோதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது, எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள். அன்றே கண் மருத்துவரிடம் சென்றேன்.

அவர் முதலில் செய்த சோதனை எனக்கு விந்தையாக இருந்தது. மேலிமையை விரலால் மேல்நோக்கி இழுத்து, அது தானே புரள்கிறதா என்று பார்த்தார். பின்னரே காரணத்தைச் சொன்னார். சல்லிவனின் கட்டுரை வந்த அதே 1981-இல், கல்பர்ட்சன், ஆஸ்லர் என்னும் இரு கண் மருத்துவர்கள் பருத்த உடலுடைய பதினொரு ஆண்களைப் பற்றி எழுதியிருந்தனர். அவர்களுடைய மேலிமைகள் ரப்பர்போல் தளர்ந்து, உறக்கத்தில் தலையணையில் உரசிப் புரண்டு, காலையில் கண் சிவக்கச் செய்தன. அத்தகைய தளர் இமை உடையவர்களில் பலருக்கு உறக்க மூச்சடைப்பும் உண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆகவே இந்நோயாளியின் கண் சிவந்தால், சிவக்கச் செய்தது நோயா, சிகிச்சையா என்று பிரித்தறிவது முதற் கடமை. எனக்கு இமை புரளவில்லை. குற்றவாளி காற்றே.

காற்று கண்ணுக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெளிவழி: முகமூடியின் மேல்விளிம்பில், மூக்குத்தண்டின் இருபுறமும் விழும் சந்து. மற்றொன்று உள்வழி. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சற்று நேரத்தில் தொண்டை கசப்பதை அறிந்திருப்பீர்கள். இமைகளின் உள்மூலையிலிருந்து மூக்கினுள் இறங்கும் கண்ணீர்க் குழாயே காரணம். அதன் அடிவாயில் ஒரு சிறு சவ்வு மடிப்பு உள்ளது. பிராக நகரத்துக் கண் மருத்துவர் ஹாஸ்னரின் பெயரால் அதனை அழைப்பர். அம்மடிப்பு மூக்கின் காற்று மேலேறாமல் தடுப்பது. அது தளர்ந்தோர்க்கும், கண்ணீர்ப் பைக்கு அறுவை செய்துகொண்டோர்க்கும், முகமூடி எவ்வளவு பொருந்தியிருப்பினும் காற்று உள்வழியே கண்ணை எட்டிவிடக்கூடும். அவர்கள் வாரோடு போராடிப் பயனில்லை. அழுத்தத்தைக் குறைக்கலாகுமா என்று மருத்துவரையே கேட்கவேண்டும்.

என்னுடையது வெளிவழி. மருத்துவர் என்னைப் படுக்கவைத்து, கருவியை ஓடவிட்டு, வாரைத் தளர்த்தினார்! கசிவு குறைந்தது. இஃது எங்ஙனம்? பசைக்குப் பிந்திய முகமூடிகளில் மெல்லிய சிலிக்கோன் இதழ் ஒன்று உள்ளே மடிந்திருக்கும். உள்ளிருக்கும் காற்றே அதனை விரித்து, முகத்தின் மேடுபள்ளங்களில் படியவைக்கிறது. வாரை இறுக்கினால் இதழ் நசுங்கிச் சுருங்குகிறது. சுருக்கத்தின் வழியே காற்று பீறிடுகிறது. கன்னத்தில் அழுந்திய வாரும் விளிம்பும் இமையடியிலிருந்து நீர் வடிவதைத் தடுப்பதால் வீக்கம். இளைஞர் கூறிய மருந்தே என் நோயை வளர்த்தது. அவரும் அறியாமல்தான் சொன்னார்.

வேறு இரண்டு பிழைகள் என்னுடையவை. நான் உட்கார்ந்தபடி, பற்செட்டுடன், கண்ணாடி முன் முகமூடியைப் பொருத்திப் பார்ப்பேன்; பிறகு பற்செட்டைக் கழற்றிவிட்டுப் படுப்பேன். படுத்தால் கன்னம் சரியும். பல்லில்லா வாய் உள்ளே குழியும். பொருத்தம் எங்கே நிற்கும்? இன்னொன்று, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். முகத்து எண்ணெயில் சிலிக்கோன் வழுக்குகிறது. இப்பொழுது இரவில் சோப்புத் தேய்த்து முகம் கழுவுகிறேன். இதழையும் நாள்தோறும் கழுவுகிறேன். காற்றை வெதுவெதுப்பாக ஈரப்படுத்தும் நீர்த்தொட்டியையும் கருவியில் பூட்டியிருக்கிறேன். மூக்கு வறண்டு அடைபடுவது அதனால் குறைந்தது. கண்ணை நோக்கிப் பீறிடும் காற்றுக்கு அது மருந்தாகாது. மூக்குத்தண்டைத் தொடாமல் நாசித்துளைகளின் வாயில் மட்டும் பொருந்தும் சிறு முகமூடிகளும் உள்ளன. என் மீசைக்கு அவை ஒத்துவரவில்லை.

சிவப்பு நீங்க ஒன்பது நாள் ஆயிற்று. நோவு மிகுந்தாலோ, பார்வை மங்கினாலோ ஒருநாளும் தாமதிக்காமல் வரவேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அதற்கு வேலையில்லாமற் போயிற்று. வாருக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைகிறதா என்று இப்பொழுது இரவுதோறும் என் மனைவி பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறாள்.