பைக்கில் ஆயில் கசிவா? ஊட்டி மலைப்பாதையில் கிளம்பும் முன் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஊட்டியில் இரவு நிறுத்திய பைக்குக்கு அடியில், காலையில் கை அகலத்துக்கு ஒரு கருப்புக் கறை. "பழைய கறையா இருக்கும்" என்று கிளம்பிவிடுபவர்கள் உண்டு. "இன்ஜினையே இறக்கணும் போல" என்று பயந்து டிரிப்பையே ரத்து செய்பவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம்தான்.

பல கசிவுகளுக்குக் காரணம் ஒரு வாஷர், ஒரு ரப்பர் வளையம் அல்லது சேறு அடைத்த ஒரு குழாயாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் செலவும் குறையும், ஆபத்தும் குறையும்.

மலைப்பாதையில் ஏன் கூடுதல் கவனம்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஏறும்போது இன்ஜின் நீண்ட நேரம் சூடாகவே உழைக்கிறது. இறங்கும்போது லோ கியரில் இன்ஜினே பிரேக் வேலையும் பார்க்கிறது. ஊட்டியில் இருந்து மசினகுடி செல்லும் கல்லட்டி பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பின் டயரில் கொஞ்சம் ஆயில் பட்டாலே வண்டி வழுக்கிவிடும்.

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் போன்ற கரடுமுரடான பாதைக்கான பைக்குகளில் மொத்த ஆயிலே சுமார் 1 லிட்டரில் இருந்து 2 லிட்டருக்குச் சற்று மேல்தான். அதில் கால் லிட்டர் குறைவது சின்ன விஷயம் அல்ல. ஆயில் பிரஷர் எச்சரிக்கை விளக்கு எல்லா பைக்கிலும் கிடையாது. விளக்கு இருந்தாலும், அது எரியும்போது பாதிப்பு தொடங்கியிருக்கலாம்.

முதல் கேள்வி: அது இன்ஜின் ஆயில்தானா?

ஒரு வெள்ளைத் துணியில் அல்லது டிஷ்யூ பேப்பரில் தொட்டுப் பாருங்கள்.

* பழுப்பு அல்லது கருப்பு, வழவழப்பு: இன்ஜின் ஆயில்.
* மணல் கலந்து பிசுபிசுவென ஒட்டுகிறது: பெரும்பாலும் செயின் லூப். முன் ஸ்பிராக்கெட் பக்கம் இது தேங்கி, கசிவு போலவே காட்டும்.
* பச்சை, நீலம், பிங்க் நிறத்தில் தண்ணீர் போல ஓடுகிறது: கூலன்ட். ரேடியேட்டர் உள்ள பைக்குகளில் மட்டும் வரும்.
* முன் ஃபோர்க் குழாயில் வளையமாக ஈரம்: ஃபோர்க் ஆயில். இது முன் டிஸ்க்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது.

டர்ட் பைக் ஓட்டுபவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். வண்டி கீழே விழுந்து சில நிமிடம் சாய்ந்து கிடந்தால், இன்ஜின் ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்விடும். பிறகு அந்தப் பெட்டியின் வடிகால் குழாயில் இருந்து சொட்டும். அது பேக்கிங் போனதால் வரும் கசிவு அல்ல. ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஆயில் அளவைப் பார்த்தால் போதும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க 5 படிகள்

1. இன்ஜினுக்கு அடியில் உள்ள பாதுகாப்புத் தகடைக் கழற்றுங்கள். மேலிருந்து வழியும் ஆயில் இதில்தான் தேங்கி, ஏதோ ஒரு ஓட்டை வழியாகச் சொட்டும். தகடு இருக்கும்வரை சரியான இடம் தெரியாது.

2. இன்ஜின் ஆறிய பிறகு டிகிரீசர் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கன்னை ஆயில் சீல், ஒயர் இணைப்பு அருகே நேராகப் பிடிக்கக் கூடாது. சூடான இன்ஜினில் பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. தீப்பிடிக்கும்.

3. நன்றாகக் காய்ந்ததும், சந்தேகம் உள்ள இணைப்புகளில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஆயில் பட்ட இடம் கருத்து, தெளிவாகத் தெரியும்.

4. ஸ்டார்ட் செய்து 5 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால் பக்கத்திலேயே சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சில கசிவுகள் இன்ஜின் முழுச் சூடான பிறகே தொடங்கும்.

5. ஈரமாக உள்ள இடங்களில் மிக உயரமான, மிக முன்னால் உள்ள இடத்தைத் தேடுங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் கசிவின் தொடக்கம் பெரும்பாலும் மேலேயும் முன்னேயும்தான் இருக்கும்.

எங்கே ஈரம்? என்ன காரணம்?

டேப்பெட் கவர் ஓரம்: ரப்பர் பேக்கிங் இறுகிப்போயிருக்கலாம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காலையில் மட்டும் கசிந்து, சூடானதும் நின்றுவிட்டால் இதைச் சந்தேகிக்கலாம். செலவு குறைவு.

ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே: ஹெட் பேக்கிங். இது பெரிய வேலை. ஆனால் டேப்பெட் கவரில் இருந்து வழியும் ஆயிலும் இதே இடத்தில்தான் தேங்கும். மேலே காய்ந்திருக்கிறது என்று உறுதி செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்க வேண்டாம்.

டிரெயின் போல்ட்: ஆயில் மாற்றிய சில நாட்களில் சொட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பழைய வாஷரையே மறுபடி போட்டிருக்கலாம். அல்லது அதிகமாக முறுக்கி மரை போயிருக்கலாம். கல்லில் அடிபட்ட வண்டியில் போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆயில் ஃபில்டர் மூடி: உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் மடங்கியிருக்கலாம், அல்லது பழைய வளையத்தின் மேலேயே புதியதைப் போட்டிருக்கலாம்.

கிளட்ச் கவர், மேக்னெட் கவர்: வண்டி விழுந்த பக்கத்தில் கசிந்தால் கவரில் விரிசலைத் தேடுங்கள். மேக்னெட் கவரில் ஒயர் வெளியே வரும் ரப்பர் அடைப்பும் கசியும்.

முன் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால்: ஆயில் சீல். தேயிலைத் தோட்டப் பாதைகளில் கிடக்கும் பிளாஸ்டிக் சாக்கு நூல், நார் ஆகியவை ஷாஃப்டில் சுற்றிக்கொண்டால் சீலின் விளிம்பை அறுத்துவிடும். இங்கே கசியும் ஆயில் செயின் வழியாகப் பின் டயருக்குப் போகலாம் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

பல இடத்தில் ஒரே நேரத்தில் கசிகிறதா?

நேற்றுவரை நன்றாக இருந்த வண்டியில் திடீரென்று இரண்டு மூன்று இடங்களில் ஆயில் எட்டிப்பார்த்தால், எல்லா பேக்கிங்கும் ஒரே நாளில் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பிரீதர் குழாயை முதலில் பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது உள்ளே உருவாகும் காற்றழுத்தம் இந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. குழாய் மடங்கினாலோ, சேறு அடைத்தாலோ அழுத்தம் வேறு வழி தேடும். பலவீனமான சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் சேற்றில் ஓடும் வண்டிகளில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். குழாயைச் சுத்தம் செய்த பிறகும் கசிந்தால் மட்டும் பேக்கிங்கை மாற்றலாம்.

ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே தொல்லை வரும். ஊட்டியில் சமதளம் கிடைப்பதே கஷ்டம். சரிவில், சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். உடனே மேலே ஊற்றிவிடுவார்கள். சமதளத்தில் வண்டியை நேராக நிமிர்த்தி, மேனுவலில் சொன்ன முறைப்படி மட்டுமே அளவு பார்க்க வேண்டும்.

தரையில் சொட்டு இல்லை, ஆனால் ஆயில் குறைகிறதா?

அப்படியென்றால் ஆயில் உள்ளே எரிந்துகொண்டிருக்கலாம். நீண்ட இறக்கம் முடிந்து ஆக்சிலேட்டரைத் திருப்பும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல் மீது சந்தேகம். ஏற்றத்தில் தொடர்ந்து நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா?

* லேசான ஈரம், சொட்டு இல்லை: ஓட்டலாம். தினமும் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.
* நிறுத்திய இடத்தில் சில சொட்டுகள்: மலை இறங்கும் முன் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.
* தொடர்ந்து ஒழுகுகிறது, டயரிலோ பிரேக்கிலோ ஆயில் பட்டிருக்கிறது, ஆயில் விளக்கு எரிகிறது: உடனே இன்ஜினை ஆஃப் செய்ய வேண்டும். "கீழ போய் பாத்துக்கலாம்" என்பது இங்கே உதவாது. ஆயில் பட்ட பிரேக் பேடுகளை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

செய்யக் கூடாதவை

கசிவை நிறுத்த கெட்டியான ஆயிலுக்கு மாறுவது தவறு. குளிர்ந்த காலையில் அது இன்ஜினின் மேல் பகுதிக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். கார் ஆயிலும் வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இதே ஆயிலில்தான் ஓடுகிறது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்கலாம். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கிங்குக்குப் பதிலாகப் பசையை அள்ளிப் பூசுவதும் ஆபத்து. உள்ளே பிதுங்கும் துண்டுகள் ஆயில் பாதையை அடைக்கும்.

கழிவு ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையிலோ, ஓடையிலோ ஊற்றக் கூடாது. நீலகிரியின் பல ஓடைகள் மோயாறு, பவானி வழியாகப் பவானிசாகர் அணைக்குப் போகின்றன. பயன்படுத்திய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. ஒரு கேனில் பிடித்து, முறையாகச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.

கிளம்பும் முன் ஒரு சின்ன சோதனை போதும். இரவு வண்டியை நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்து, ஆயில் அளவும் சரியாக இருந்தால் தைரியமாகக் கிளம்பலாம். கறை இருந்தால், கல்லட்டி பாதை எங்கும் போய்விடாது. முதலில் கசிவைப் பாருங்கள்.