ரெண்டே பேர், ஒரு பாய்மரப் படகு, முழு உலகம்

நம்ம யூனியன் பிரதேசத்துப் பொண்ணு ஒருத்தரோட கதையை இன்னிக்கு ஒரு டாக்டரா சொல்லணும்னு தோணுது.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. ரெண்டு பேரும் இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள்.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் இருந்து 'தாரிணி' என்ற 56 அடி பாய்மரப் படகில் கிளம்பினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா வழியாக உலகைச் சுற்றி, 2025 மே கடைசியில் திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கும் மேல்!

இதே தாரிணியில் 2017-18ல் 6 பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றினார்கள். ஆறு பேர் என்றால் முறை வைத்துத் தூங்கலாம். ரெண்டு பேர் என்றால்?

ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனி ஆள். சுக்கானைத் தானியங்கிக் கருவி பிடித்துக்கொள்ளும். ஆனால் காற்று ஏறினால் பாயைச் சுருக்க மனிதக் கைதான் வேணும். புயல் வந்தால் தூங்குபவரும் எழுந்தாக வேண்டும்.

இங்கேதான் மருத்துவம் வருது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைகிறது என்று 1997ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து திடீரென எழுந்தால் சில நிமிடங்களுக்கு மூளை மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் ஆடும் தளத்தில் கயிறு இழுப்பது எவ்வளவு ஆபத்து, யோசிங்க.

2025 ஜனவரியில் அவர்கள் கடந்த 'பாயின்ட் நெமோ'வில் இருந்து மிக அருகிலுள்ள நிலமே சுமார் 2,688 கிலோமீட்டர். தலைக்கு மேல் பறக்கும் விண்வெளி நிலையம் அதைவிடப் பக்கம்! ரெண்டு பேரும் டாக்டர் இல்லை. ஒருத்தர் கை உடைந்தால் முதலுதவியும் படகும் இன்னொருத்தர் தலையில்.

அதனால் இந்தப் பயணத்தில் தூக்கம் சொகுசு அல்ல. பாய், கயிறு, குடிநீர் மாதிரி அதுவும் பாதுகாப்புப் பொருள். கிடைக்கும்போது தூங்குவதும் ஒரு வேலைதான்.

விடிய விடிய வலை இழுக்கும் நம்ம மீனவர்களுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுபவர்களுக்கும் இதே உடல்தான், இதே மூளைதான். கண் சொருகினால் காபி குடித்துச் சமாளிக்க வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்குங்க. படகில் என்றால் இன்னொருத்தரை எழுப்பி மாத்திவிடுங்க.

உலகத்தைச் சுத்தி வந்தவங்களும் தூங்கித்தான் வந்தாங்க.