கட்டற்ற மென்பொருளும் வணிகமும்



உழைப்பவர் ஒருவர், பயனடைபவர் வேறொருவர் என்னும் வழக்கு உலகிற்குப் புதியதன்று. வயலிலும் தோட்டத்திலும் ஆலையிலும் அது பன்முறை எழுந்திருக்கின்றது. ஆயின், தமது உழைப்பின் பயனை யாவரும் கொள்க எனத் தாமே எழுதிக் கொடுத்தவர்களுக்கும், அதனைக் கொண்டு பெரும்பொருள் ஈட்டியவர்களுக்கும் இடையில் எழுந்த வழக்கு அண்மைக் காலத்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நாற்பதாண்டு வரலாறு பெரிதும் அவ்வழக்கின் வரலாறே எனலாம்.

கணினியை இன்னது செய்க எனப் பணிக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். மனிதர் வாசிக்கத்தக்க வடிவில் எழுதப்பெறும் அக்கட்டளைகளை மூலநிரல் என்பர். பொறி இயக்கும் வடிவுக்கு மாற்றிய பின்னர் அதனைப் படித்தறிதல் அரிது. வைத்தியர் தரும் குளிகைக்கும் அவர் வீட்டு ஏட்டுச் சுவடிக்கும் உள்ள வேறுபாடு இது. குளிகை பெற்றவர் நோய் தீரலாம். சுவடி பெற்றவரே மருந்தைச் செய்யவும் திருத்தவும் வல்லவர்.

தொடக்க காலத்திற் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் இச்சுவடிகள் தாராளமாகக் கைம்மாறின. 1970களின் பிற்பகுதியிலிருந்து கம்பனிகள் அவற்றைப் பூட்டி வைக்கலாயின. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பணியாற்றிய றிச்சாட் ஸ்ரோல்மன் என்பார் இதனை எதிர்த்து, 1983ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். க்னூ என்பது அதன் பெயர். 1985இற் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் தோன்றியது. 1989இற் பொதுமக்கள் உரிமம் என்னும் சட்ட ஆவணம் வெளிவந்தது. இம்மென்பொருளை எவரும் எடுத்துத் திருத்தலாம். ஆயின் திருத்தியதைப் பிறருக்கு வழங்கும்போது மூலநிரலையும் அதே உரிமைகளையும் உடன் வழங்குதல் வேண்டும் என்பது அதன் சாரம்.

ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அவ்வுரிமம் விற்பனையைத் தடுக்கவில்லை. ஸ்ரோல்மனே தமது ஈமாக்ஸ் என்னும் மென்பொருளை நாடாவிற் பதிந்து 150 டொலருக்கு விற்றார். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரு சொல்லே நிற்பதனால் மயக்கம் நேர்ந்தது. தமிழுக்கு அவ்விடரில்லை, இலவசம் வேறு, கட்டற்றது வேறு.

1991இற் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். அவர் முதலில் விதித்த நிபந்தனை, அதனைப் பகிர்வோர் பணம் பெறலாகாது என்பதாகும். 1992இல் அந்நிபந்தனையைக் கைவிட்டுப் பொதுமக்கள் உரிமத்தை ஏற்றார். வணிகத்திற்குக் கதவு திறந்தது அந்நாளிலேதான்.

அக்கதவு வழியே புகுந்தவற்றுள் றெட் ஹற் என்னும் அமெரிக்கக் கம்பனி முதன்மையானது. பலர் எழுதிய மென்பொருள்களைத் தொகுத்து, சோதித்து, பராமரிப்புச் சேவையுடன் அது விற்றது. 1999ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. 14 டொலர் விலையிட்ட பங்கு முதல் நாளிலேயே 50 டொலரைக் கடந்தது. ஊதியமின்றி நிரல் எழுதியோர் பலருக்கும் ஆரம்ப விலையிற் பங்கு வாங்கும் வாய்ப்பை அக்கம்பனி அளித்தது. ஆயின், முதலீட்டில் அனுபவமற்றவர் என்ற காரணத்தால் அவர்களுட் சிலரைப் பங்குத் தரகர் தகுதியற்றவரெனத் தள்ளினர். செல்வத்தை ஆக்கியவர் வாயிலில் நிற்க, பிறர் உள்ளே சென்றனர் என்ற மனக்குறை அன்றே எழுந்தது.

2003இல் றெட் ஹற் தனது இலவச வெளியீட்டை நிறுத்தி, சந்தா செலுத்தும் நிறுவனங்களுக்கான வெளியீட்டில் நாட்டஞ் செலுத்தியது. மூலநிரல் வெளியாகியே இருந்தமையால், 2004இற் சிலர் அதனைக் கொண்டு சென்ற் ஓ.எஸ். என்னும் இலவசப் படியை ஆக்கினர். பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் அதனை நம்பின. 2014இல் றெட் ஹற் அத்திட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2019இல் ஐ.பி.எம். கம்பனி ஏறத்தாழ 3,400 கோடி டொலருக்கு றெட் ஹற்றை வாங்கியது. 2020 டிசெம்பரில் அதிர்ச்சி தரும் அறிவித்தல் வந்தது. 2029 வரை பராமரிக்கப்படும் என எதிர்பார்க்கப்பட்ட சென்ற் ஓ.எஸ். எட்டாம் பதிப்பு 2021 இறுதியில் முடிவுறும் என்பதே அது. உடனே றொக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்னும் இரு மாற்றுப் படிகள் தோன்றின. 2023 யூன் மாதத்தில் றெட் ஹற், தன் வணிக வெளியீட்டின் மூலநிரலைப் பொதுவில் இடுவதை நிறுத்தி, வாடிக்கையாளருக்கு மட்டும் வழங்கலாயிற்று.

இதனை இருபுறமும் நின்று நோக்குதல் முறை. நாம் பொறியியலாளருக்குச் சம்பளம் கொடுத்துப் பிழை திருத்துகிறோம். எதுவும் சேர்க்காது படியெடுப்பவர் எம் வருவாயைக் குறைக்கின்றனர் என்பது கம்பனியின் வாதம். லினக்ஸ் கருநிரலுக்கு அது அளித்த பங்கு பெரிதென்பதையும் மறுத்தல் இயலாது. மறுசாரார் கேட்பது இது: ஆயிரக்கணக்கானோர் கட்டிய அணையிலிருந்து வாய்க்கால் வெட்டியவர், மதகைத் தமக்கே உரியதெனப் பூட்டலாமோ? உரிமத்தின் எழுத்து மீறப்படாதிருப்பினும் அதன் உள்ளக்கருத்து மீறப்பட்டது என்பது அவர்கள் முறைப்பாடு.

வழக்கு வேறு உருவிலும் வந்தது. இலாஸ்ரிக் என்னும் சிறிய கம்பனி ஆக்கிய தேடல் மென்பொருளை, அமசோன் என்னும் பெரிய கம்பனி தன் கணினிகளில் இயக்கி வாடகைச் சேவையாக விற்றது. 2021இல் இலாஸ்ரிக் தன் உரிமத்தை இறுக்கியது. அமசோன் பழைய நிரலிலிருந்து தனிக்கிளையொன்றைத் தொடங்கியது. 2024இல் இலாஸ்ரிக் மீண்டும் கட்டற்ற உரிமமொன்றைச் சேர்த்துக்கொண்டது. கட்டற்ற மென்பொருளைப் பூட்ட முயல்வோர் எவராயினும், பழைய நிரலோடு மக்கள் வேறிடம் செல்லும் உரிமையை அழித்தல் அரிது என்பதை இது காட்டும்.

எனினும் கம்பனிகளின் பேராசையிலும் கொடியது அவற்றின் பராமுகம். 2014இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் ஒரு பெரும் பிழை கண்டறியப்பட்டது. இணையத்தில் வங்கிக் கணக்கையும் கடவுச்சொல்லையும் மறைகுறியாற் காத்துவந்தது அம்மென்பொருள். உலகின் பெருநிறுவனங்கள் பல அதனைப் பயன்படுத்தின. முழுநேரமாக அதிற் பணியாற்றியவரோ ஒருவர். அத்திட்டத்திற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலரே. எல்லாரும் நீர் இறைத்தனர்; கிணற்றைத் தூர்வார வந்தவர் ஒருவரே. பிழை வெளிப்பட்ட பின்னரே கம்பனிகள் ஒன்றுகூடிப் பொருள் திரட்டின.

நமக்கு இதனால் ஆவதென்ன? 2004 டிசெம்பரிற் கடற்கோள் நம் கரைகளை அழித்தபோது, இலங்கையின் மென்பொருளாளர் ஒன்றுகூடிச் சகானா என்னும் நிவாரண மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவு செய்ய உதவிய அதனை அவர்கள் கட்டற்ற மென்பொருளாக உலகுக்கு வழங்கினர். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது. அனுமதி கேட்டும் விலை பேசியும் காலங்கழிக்க நேர்ந்திருப்பின் அத்துணை விரைவு கைகூடியிராது. வசதி குறைந்த பாடசாலைகள் பழைய கணினிகளிலும் லினக்ஸை இயக்கி மாணவருக்குக் கற்பிக்கலாம் என்பதும் இதே உரிமையின் பயனே.

ஆகவே, கட்டற்ற மென்பொருளால் எவரும் பொருளீட்டலாகாது என்பாரும், எடுத்தது எமதே என்பாரும் வரலாற்றை மறந்தவராவர். பொருளீட்டுதல் குற்றமன்று, 150 டொலருக்கு நாடா விற்ற நாளிலேயே அது ஒப்புக்கொள்ளப்பட்டது. தாம் நுழைந்த வாயிலைப் பின்வருவோருக்கு அடைப்பதும், தாம் உண்ணும் வயலை உழுபவரைப் பட்டினி போடுவதுமே குற்றம். உரிமம் முன்னதை ஓரளவு தடுக்கும். பின்னதைத் தடுக்க எந்த உரிமத்தாலும் ஆகாது. பயன் கொள்வோரின் கடமையுணர்ச்சியே அதனைச் செய்தல் வேண்டும்.